பனிமலைக்குக் கிளம்பறீங்களா? பை வாங்கும் முன் சென்னைப் பழக்கத்தைக் கழற்றி வைங்க!

ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டாலே பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் வாக்கிங் போறவங்க தலையில் மங்கி குல்லா ஏறிடும். அதே பெரும்பாக்கத்தில்தான் சோழிங்கநல்லூர் ஐ.டி கம்பெனிகளில் வேலை பார்த்துக்கிட்டு, வருஷக் கடைசி லீவையெல்லாம் சேர்த்து வெச்சு, கேதார்காந்தாவுக்கும் குல்மர்க்குக்கும் டிக்கெட் போடுற கூட்டமும் இருக்கு. கடலோரத்துக்காரங்களுக்குப் பனிமலை எதுக்குன்னு இனி யாரும் கேட்க முடியாது. 2023 மே மாதம் கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை எவரெஸ்ட் ஏறினார். அதே மாதம் முத்தமிழ்ச்செல்வி, எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார்.

ஜாக்கெட்டுக்குப் பத்து வீடியோ பார்ப்போம். ஷூவுக்கு நாலு கடை ஏறி இறங்குவோம். பை மட்டும், 'ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறதே பெருசாத்தானே இருக்கு' அல்லது 'ஆஃபர்ல 60 லிட்டர் கிடைச்சுது'. பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்குது. ஒரு பை சென்னைக்கு எதனாலெல்லாம் நல்ல பையோ, பனியில் பெரும்பாலும் அதனாலேயே அது மோசமான பை. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல, நீங்க எங்கே போறீங்க?

'விண்டர் ட்ரிப்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம்மூர்க்காரங்க போறது மூணு வகை. மூணுக்கும் பை வேற.

முதல் வகை, பனிக்கால ட்ரெக்கிங். உத்தரகாண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறும் கேதார்காந்தா (3,810 மீட்டர்), லோஹாஜங்கிலிருந்து ஏறும் பிரம்மதால் மாதிரி. டென்ட், சமையல் சாமானை எல்லாம் கோவேறு கழுதையோ போர்ட்டரோ தூக்கிட்டு வருவாங்க. உங்க துணிமணியை நீங்களே சுமக்கிறதா இருந்தா 45 முதல் 50 லிட்டர் போதும். காசு கட்டிப் பெரிய பையைக் கழுதையில் ஏத்தி விடப்போறீங்கன்னா, முதுகுக்கு 25 லிட்டர் பை ஒண்ணுதான் வேணும். கழுதையில் போறதுக்கு விலை உயர்ந்த ரக்சாக் தேவையே இல்லை. கெட்டியான டஃபிள் பை போதும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுறதில் முதல்ல அடிபடுறது ரக்சாக்கின் பக்கிள்கள்தான்.

இரண்டாவது, மலையேற்றப் பயிற்சி. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய ஹிமாலயன் மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட், மணாலியில் இருக்கும் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான நிறுவனம் போன்ற இடங்களில் சேர்பவர்களுக்கு ஒரே வார்த்தைதான்: போறதுக்கு முன்னாடி பை வாங்காதீங்க. ரக்சாக், ஐஸ் ஆக்ஸ், பூட்ஸ் எல்லாம் அவங்களே பயிற்சிக்குக் கொடுப்பாங்க. அந்தப் பழைய ரக்சாக்கைக் கிட்டத்தட்ட ஒரு மாசம் சுமந்து முடிக்கும்போது உங்களுக்கு எது வேணும், எது வேணாம்னு உங்க தோளே சொல்லிடும். எந்தக் கடைக்காரரும் அந்தத் தெளிவைத் தர முடியாது.

மூணாவது, பனிச்சறுக்கு. குல்மர்க்கிலோ ஆலியிலோ அடிப்படைப் பயிற்சி எடுக்கப் போறவங்களுக்குப் பையே தேவையில்லை. முதுகில் எடை இருந்தா விழுந்து எழுந்திருக்கிறது இன்னும் கஷ்டம். அதைத் தாண்டி, சீர்படுத்தாத சரிவுகளில் வழிகாட்டியோடு இறங்கும் கட்டத்துக்கு வந்தவங்களுக்கு 30 முதல் 35 லிட்டர். ராத்திரி மலையில் தங்கப் போறீங்கன்னா 40-லிருந்து 45.

லிட்டர் கணக்கில் ஒரு ஆசை எல்லாருக்கும் வரும். 'பெருசா வாங்கிடுவோம், இடம் இருந்தா நல்லதுதானே?' நல்லதில்லை. இடம் இருந்தா நிரப்புவீங்க. மூணாவது ஜீன்ஸ் பையில் ஏறுவது அப்படித்தான்.

சென்னையில் ஹீரோ, பனியில் வில்லன்

முதுகில் காற்றோட்டத்துக்காக வலை கட்டி, பையை விரலளவு தள்ளி நிறுத்தும் மாடல்கள் இருக்கே, நம்ம வெயிலுக்கு அது வரம். தாம்பரத்துக்கு 'எலெக்ட்ரிக்'கில் நின்னுட்டே போனாலும் சட்டை நனையாது. அதையே பனியில் கீழே வெச்சா, வலைக்கும் பைக்கும் நடுவில் பனி போய் அடைச்சுக்கும். திரும்ப மாட்டினதும் உடம்புச் சூட்டில் உருகி முதுகு ஈரமாகும். மைனஸ் 10 டிகிரியில் ஈர முதுகு விளையாட்டு இல்லை. ஸ்கீயில் இன்னொரு தொல்லையும் உண்டு. முதுகை விட்டுத் தள்ளி நிற்கும் எடை, ஒவ்வொரு திருப்பத்திலும் உங்களை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால பனிக்கான பையின் முதுகுப் பக்கம் வழவழன்னு, பனி ஒட்டாத துணியில், உடம்போடு ஒட்டி உட்கார்றதா இருக்கணும். கடையில் பார்க்கும்போது 'என்னய்யா இது, வேர்க்குமே!'ன்னு தோணும் பாருங்க, அதுதான் சரியான பை.

அடுத்து, ரெயின் கவர். நவம்பர் மழையில் மேடவாக்கம் சாலையில் உங்க லேப்டாப்பைக் காப்பாத்தினது அதுதான், மறுக்கலை. மலை முகட்டில் அடிக்கிற காற்று அதைப் பட்டம் மாதிரி பிடுங்கிட்டுப் போயிடும். போகாம ஒட்டிக்கிட்டு இருந்தாலும், வெளியே கட்டியிருக்கிற ஐஸ் ஆக்ஸை அவசரத்துக்கு எடுக்க முடியாம மூடி வெச்சிருக்கும். பனி, மழை மாதிரி ஊறி வர்றதில்லை. பை திறக்கும்போது உள்ளே விழுந்து, அப்புறம் உருகுது. எனவே பாதுகாப்பு உள்ளே இருக்கணும். கெட்டியான பெரிய குப்பைப் பை ஒண்ணை உள்ளுறையா போட்டு, வாயை முறுக்கி மடிச்சா வேலை முடிஞ்சது. ஸ்லீப்பிங் பேகும் மாத்துத் துணியும் அதுக்குள்ள. இந்த ஒரு விஷயத்தில் மளிகைக்கடை, பிராண்டட் கடையை ஜெயிச்சிடும்.

மூணாவது, பையிலிருந்து குழாய் வழியா தண்ணி உறிஞ்சுற ஹைட்ரேஷன் பிளாடர். மே மாதம் குழாயைத் திறந்தா வெந்நீர் வர்ற ஊரில் வளர்ந்த நமக்கு, தண்ணி உறைஞ்சு அடைச்சுக்கும் என்பது மனசில் ஏறாது. முதல்ல உறையறது அந்த மெல்லிய குழாய்தான். வாய் அகலமான பாட்டிலை எடுத்துக்கங்க. ராத்திரி சூடான தண்ணி ஊத்தி, கம்பளி சாக்ஸுக்குள் போட்டு, தலைகீழா வைங்க. தண்ணி மேற்பரப்பிலிருந்து உறைய ஆரம்பிக்கும். பாட்டில் தலைகீழா இருந்தா மூடிப் பக்கம் கடைசி வரை உறையாம இருக்கும்.

கடைசியா ஜிப். சென்னையில் எத்தனை ஜிப், எத்தனை பாக்கெட் இருக்குன்னு எண்ணித்தான் பை வாங்குறோம். பனியில் ஒவ்வொரு ஜிப்பும் ஒரு சந்தேகம்தான். ஈரம் பட்டு உறைஞ்சா நகராது. பொடி இழுப்பான் க்ளவுஸ் போட்ட விரலுக்குச் சிக்காது. அதுக்காக க்ளவுஸைக் கழற்றினா விரல் ரெண்டு நிமிஷத்தில் மரத்துப்போகும். மேல்வாய் கயிறு இழுத்து மூடுறதா அல்லது சுருட்டி மூடுறதா இருந்தா நல்லது. ஜிப் இருந்தே ஆகணும்னா தடிமனான பல், நீளமான இழுப்பான் பாருங்க. இருக்கிற ஜிப்பில் கயிற்றை முடிச்சுப் போட்டு நீங்களே நீளமாக்கிக்கலாம். ஷூ லேஸ் துண்டே போதும்.

அந்த ஒரு அறை எதுக்கு?

பனிச்சறுக்குக்குன்னே தயாரிச்ச பைகளில் முன்பக்கம் தட்டையா ஒரு தனி அறை இருக்கும். பார்த்ததும் லேப்டாப் வைக்கிற இடம்னு நினைக்கத் தோணும். இல்லை. அதில் ரெண்டே பொருள்தான் இருக்கணும். ஒண்ணு, கழற்றி மாட்டும் சின்ன ஷவல். இன்னொண்ணு ப்ரோப், அதாவது மடிச்சு வெச்சு, உதறினா ரெண்டு மீட்டருக்கு மேல் நீளும் கம்பி.

2022 அக்டோபர் 4-ம் தேதி, உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட்டின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமல் போனார்கள். 2023 பிப்ரவரி 1-ம் தேதி குல்மர்க்கின் அபர்வத் சரிவில் போலந்து நாட்டு ஸ்கீ வீரர்கள் இருவர் இறந்தார்கள். பயிற்சி, அனுபவம் எதுவும் பனிச்சரிவுக்குப் பொருட்டில்லை.

முழுசாப் புதைஞ்ச ஒருத்தரை முதல் 10 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தா, பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறாங்க. அரை மணி நேரம் தாண்டினா மூணில் ஒருத்தர் என்கிற அளவுக்கு அது சரிஞ்சுடும். கீழே ஊரிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போயிருக்கும். பக்கத்தில் இருக்கிற நண்பர்தான் ஆம்புலன்ஸ். உங்க பையில் இருக்கிற ஷவல் உங்களுக்காக இல்லை, அவருக்காக. அவர் பையில் இருக்கிறதுதான் உங்களுக்கு.

அதனால இந்த அறையில் பிஸ்கட், சன்ஸ்கிரீன், ஈர க்ளவுஸ் எதையும் சேர்க்காதீங்க. ஷவலை வெளியே பட்டையில் கட்டித் தொங்கவிடாதீங்க, பனி அடிச்சா முதல்ல பறக்கிறது அதுதான். முக்கியமா, நீங்க எங்கே புதைஞ்சிருக்கீங்கன்னு சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவியைப் பையில் வைக்கவே கூடாது. பை உங்களை விட்டுக் கழன்றால் அவங்க பையைத்தான் தோண்டி எடுப்பாங்க. பீக்கன் உடம்போடு, உள் ஜாக்கெட்டுக்கு மேல் கட்டியிருக்கணும். இந்த மூணையும் வெச்சுப் பழகாதவங்க, அந்தச் சரிவுகளுக்கே போகாம இருக்கிறது நல்லது. பை வாங்குற காசில் முதல்ல பயிற்சிக்குச் சேருங்கன்னுதான் சொல்வேன்.

ஏர்பேக் பைகளும் இருக்கு. கைப்பிடியை இழுத்தா பலூன் விரிஞ்சு உங்களைப் பனியின் மேற்பரப்பில் மிதக்க வைக்க முயலும். பனிச்சரிவில் மோசமாகச் சிக்கியவர்களில், பலூன் விரிந்தவர்களின் இறப்பு 22 சதவிகிதத்திலிருந்து 11 சதவிகிதமாகக் குறைவதாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாதியாகக் குறைவது பெரிய விஷயம். பூஜ்ஜியம் ஆவதில்லை என்பதையும் சேர்த்துப் படிங்க. அரை லட்சத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. வாயு சிலிண்டர் இருக்கிற மாடல்னா ஏர்லைன்ஸ் முன்அனுமதி இல்லாம விமானத்தில் ஏத்த முடியாது. வருஷத்துக்கு ஒரு வாரம் போறவங்க, அங்கேயே வழிகாட்டி நிறுவனங்களிடம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்க.

வெளியே என்னென்ன கட்டுவது என்பதும் வாங்கும்போதே பார்க்க வேண்டியது. குல்மர்க் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து முகட்டில் ஸ்கீயை முதுகில் கட்டிக்கிட்டு இன்னும் மேலே நடப்பாங்க. ரெண்டு ஸ்கீயையும் பையின் இரு பக்கமும் கட்டி, நுனிகளை மேலே சேர்த்தா கூரை மாதிரி நிற்கும். கனமான பைக்கு இது சரி. குறுக்காக ஒரே கட்டாகக் கட்டுவது லேசான பைக்கு, சீக்கிரம் கழற்ற. ஸ்கீயின் ஓரம் கத்தி மாதிரி. அது உரசும் இடத்தில் தடித்த துணி இருக்கான்னு பாருங்க. மலையேறுபவர்களுக்கு ஐஸ் ஆக்ஸ் வளையம் ரெண்டு வேணும். கிராம்பானை உறை போட்டு உள்ளே வெச்சாலே போதும். கேதார்காந்தா போறவங்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. ஷூவில் மாட்டுற மைக்ரோஸ்பைக்கை வழிகாட்டியே தருவார்.

உங்க உயரம் இல்லை, முதுகு நீளம்

ஆறடி ஆளுக்கு 'லார்ஜ்'னு கொடுத்துடுவாங்க. ஆறடியில் பாதி காலாவே இருந்தா? பை உட்கார்றது முதுகில். தலையைக் குனிஞ்சா கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கிட்டு நிற்கும். இடுப்பில் ரெண்டு பக்கமும் கை வெச்சா கட்டைவிரல் படும் எலும்பு விளிம்பு ஒண்ணு இருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை முதுகோடு டேப் ஒட்டி வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்க. தையல்கார டேப் போதும். தோராயமா 43 சென்டிமீட்டருக்குக் கீழே ஸ்மால், 48 வரை மீடியம், அதுக்கு மேல் லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பெண்களுக்கான மாடல்களில் முதுகு குட்டையா, தோள்பட்டி வளைஞ்சு இருக்கும். குட்டை முதுகு இருக்கிற ஆண்களுக்கும் அது பொருந்தலாம், கூச்சம் வேண்டாம்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்க்கிறது எதுக்கும் உதவாது. டெகாத்லான் மாதிரி பெரிய கடைகளில் உள்ளே எடை போட்டுப் பார்க்க விடுவாங்க, கேளுங்க. ட்ரெக்கிங்குக்கா, மலையேற்றத்துக்கா, பனிச்சறுக்குக்கான்னு சொல்லிக் கேட்டா தேடுறது சுலபம். பத்து கிலோ போட்டு, எல்லாப் பட்டையையும் தளர்த்திட்டு மாட்டுங்க. முதல்ல இடுப்பு பெல்ட், எலும்பு விளிம்பு பெல்ட்டின் நடுவில் வர்ற மாதிரி. அப்புறம் தோள்பட்டி, அப்புறம் தோளுக்கு மேலே பையை முதுகோடு இழுக்கும் சின்னப் பட்டை, கடைசியா மார்புப் பட்டை. எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கினதை உணர முடியணும். தோளே எல்லாத்தையும் தாங்குதுன்னா அந்தப் பை உங்களுக்கானது இல்லை.

நம்மாளுங்க கடையில் டி-ஷர்ட்டோட மாட்டிப் பார்த்துட்டு வாங்கிடுவாங்க. மலையில் மூணு அடுக்கு உடையும் தடித்த ஜாக்கெட்டும் இருக்கும். கடைக்கு ஜாக்கெட்டை எடுத்துட்டுப் போங்க. ஏ.சி-யில் ரெண்டு நிமிஷம் பைத்தியக்காரத்தனமா தெரியும், பரவாயில்லை. மலையேறுபவர்கள் இன்னொண்ணும் பார்க்கணும்: ஹார்னெஸ் மேலே இடுப்பு பெல்ட் ஏறி உட்கார்ந்தா காரபினர் மாட்டும் வளையங்கள் மறைஞ்சுடும். கழற்றக்கூடிய பெல்ட் இருக்கிற மாடல் அதுக்குத்தான்.

எட்டு மாடியில் ஒரு ஒத்திகை

பெரும்பாக்கத்தில் மலை இல்லை, மாடி இருக்கு. குடியிருப்பு வாரியத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களிலும் சுத்தியிருக்கிற அபார்ட்மென்ட்களிலும் லிஃப்ட் ரிப்பேர்னா பால் பாக்கெட்டோடும் தண்ணி கேனோடும் படியேறுறவங்களுக்கு, சுமைன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடியே, நீங்க குடியிருக்கிற கட்டடத்தின் படியில் பையோட ஏற ஆரம்பிங்க.

சுமைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில்கள்தான் வசதி. ஒண்ணு ரெண்டு கிலோ. நாலு பாட்டிலில் ஆரம்பிச்சு வாரம் ஒண்ணு கூட்டுங்க. உங்க உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும். அதனால மொட்டை மாடியில் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு லேசா இறங்குங்க. எடையை அடுக்குறதும் முக்கியம். பனிச்சறுக்குக்குக் கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில், ட்ரெக்கிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே. ஸ்லீப்பிங் பேக் எப்பவும் அடியில்.

மூணாவது வாரம் க்ளவுஸ் போட்டுப் பாருங்க. உள் க்ளவுஸ், வெளி க்ளவுஸ் ரெண்டும் மாட்டிக்கிட்டு, மொபைலில் டைமர் வெச்சு, பையை இறக்கி ஷவலையும் ப்ரோப்பையும் எடுங்க. ட்ரெக்கிங்னா ஜாக்கெட்டையும் டார்ச்சையும். அரை நிமிஷத்துக்குள் முடியணும். அடுத்து லைட்டை அணைச்சுட்டு. வீட்டில் சிரிப்பாங்க. அம்மா, 'இதுக்கா அவ்ளோ காசு கொடுத்தே?'ன்னு கேட்பாங்க. கேட்கட்டும். பெல்ட் பக்கிளை ஈரமாக்கி, பையின் அந்த முனையை மட்டும் ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் திணிச்சு வெச்சுக் காலையில் திறக்க வருதான்னு பார்த்தா இன்னும் நல்லது. வரலைன்னா கடையில் மாற்றிக்கொள்ள உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. சாங்க்ரியில் அந்த வசதி கிடையாது.

விமானத்தில் ஐஸ் ஆக்ஸ், கிராம்பான், ட்ரெக்கிங் கம்பு எல்லாம் செக்-இன் லக்கேஜில்தான் போகணும். பவர் பேங்க் கைப்பையில். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன் அளவு என்பதால், கனமான பூட்ஸை ஏர்போர்ட்டுக்குக் காலில் மாட்டிட்டே போங்க. தொங்கும் பட்டைகளையெல்லாம் சுருட்டி, பையை ஒரு பெரிய சாக்கில் போட்டுக் கட்டினா கன்வேயரில் சிக்காது. கோண்டோலா, சேர் லிஃப்ட்டில் ஏறும்போதும் பட்டைகளைக் கவனிங்க. பையைக் கழற்றி முன்னால் மடியில் வெச்சுக்கணும்.

திரும்பி வந்ததும் பையைப் பரண் மேல் தூக்கிப் போடாதீங்க. உள்பக்கத்தில் நீர் புகாம இருக்கப் பூசியிருக்கும் பாலியூரிதேன் பூச்சு, நம்ம ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் ரெண்டு மூணு வருஷத்தில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். வாஷிங் மெஷினில் போடாம, குளிர்ந்த தண்ணியில் கையால அலசி, நிழலில் தலைகீழா தொங்கவிட்டு, ரெண்டு நாள் முழுசாக் காய விடுங்க. அப்புறம் எல்லா ஜிப்பையும் திறந்து வெச்சு, உள்ளே ஷூ பாக்ஸில் வர்ற சிலிகா ஜெல் பாக்கெட்டுகளைப் போட்டு, காற்று வர்ற அலமாரியில் மாட்டி வைங்க.